குடல்வாழ் நுண்ணுயிர்களும் புற்றுநோய்க் குறிகளும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாலமுருகன், பாலகிருஷ்ணன் ராமகிருஷ்ணா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு, பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களின் மலத்தில் இரண்டு வகை நன்மை தரும் நுண்ணுயிர்கள், நலமாக இருப்பவர்களிடம் காணப்படும் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டியது. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 20 பேர், உணவுக்குழாய், இரைப்பை போன்ற மேற்பகுதிகளில் புற்று வந்தவர்கள் 9 பேர், நோயற்றவர்கள் 17 பேர் என்று அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்களின் தொகை மிகச் சிறியது. ஆயினும், குடல்வாழ் நுண்ணுயிர்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பரவலாகப் பேசத் தொடங்கியது 2011-க்குப் பிறகுதான் என்பதை நினைத்தால், ஒரு தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருந்தது கவனத்துக்குரியது. அதற்கு உரிய கவனம் இன்றுவரை கிடைத்ததாகவும் சொல்ல முடியாது.

மனித உடலின் தோல், வாய், குடல், பெண்ணுறுப்பு ஆகிய இடங்களில் நிலையாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், வைரஸ்கள் ஆகியவற்றின் மொத்தக் கூட்டத்தையே மருத்துவ உலகம் மைக்ரோபயோம் என்று அழைக்கிறது. இதைத் தமிழில் நுண்ணுயிர்த் தொகுதி எனலாம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருப்பதாக 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. செரியாமல் அங்கு வந்து சேரும் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து உடலுக்குப் பயன்படும் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. வெளியிலிருந்து வரும் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. உடலில் நோய் தோன்றும்போது இந்தக் கூட்டத்தின் சேர்க்கையும் மாறுகிறது என்றால், அந்த மாற்றத்தை முன்கூட்டியே படித்தறிந்து நோயின் வரவைச் சொல்ல இயலுமா என்பதே இன்றைய ஆராய்ச்சிகளின் அடிப்படைக் கேள்வி.

வேலூரில் இந்தக் கேள்வி எழுந்தது தற்செயலானது அன்று. தென்னிந்தியக் கிராமங்களில் 1960-களில் பரவிய, நீடித்த வயிற்றுப்போக்கையும் உடல் மெலிவையும் உண்டாக்கிய ‘டிராபிகல் ஸ்ப்ரூ’ என்னும் நோயைச் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அங்கிருந்தே ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்திலிருந்து ஏழை எளியவர்களின் குடலைப் பற்றிய ஆய்வு அந்த நிறுவனத்தில் ஒரு மரபாகவே வளர்ந்து வந்திருக்கிறது.

மலத்தில் உள்ள நுண்ணுயிர்களை எண்ணுவது எப்படி என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. குடலில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் பட்டவுடன் மடிந்துவிடுபவை என்பதால் அவற்றைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து எண்ணுவது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் உயிரைத் தேடாமல் அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ-வைத் தேடுகிறார்கள். சிறிதளவு மலத்தை எடுத்து உறைநிலையில் வைத்து, பின்னர் அதிலுள்ள பாக்டீரியாக்களின் உறையை உடைத்து டி.என்.ஏ-வைப் பிரித்தெடுக்கிறார்கள். எல்லாப் பாக்டீரியாக்களிடமும் உள்ளதும், ஆனால் இனத்துக்கு இனம் சற்றே வேறுபடுவதுமான ‘16எஸ்’ என்னும் மரபணுவே இங்கு அடையாள அட்டையாகப் பயன்படுகிறது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான பி.சி.ஆர் கருவி, தேடப்படும் இனத்தின் மரபணுத் துண்டை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. ஒளிரும் சாயத்தின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொட எத்தனை சுற்றுகள் தேவைப்பட்டன என்பதிலிருந்து, தொடக்கத்தில் அந்தப் பாக்டீரியா எவ்வளவு இருந்தது என்பது கணக்கிடப்படுகிறது. நான்கு மடங்கு வேறுபாடு என்பது இந்தக் கருவியின் கணக்கில் இரண்டே சுற்றுகள். அவ்வளவு சிறிய இடைவெளியைப் பிழையின்றி அளந்தால்தான் நோயுள்ளவரையும் நோயற்றவரையும் பிரித்தறிய முடியும் என்பது இத்துறையின் நுட்பத்தையும் சிக்கலையும் ஒருசேரக் காட்டுகிறது.

வேலூர் ஆய்வில் குறைந்து காணப்பட்ட யூபாக்டீரியம் ரெக்டேல், ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி ஆகிய இரண்டும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தைத் தயாரிப்பவை. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பெறாமல் இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன என்பதும், அது அழற்சியைத் தணித்து, கெட்டுப்போன உயிரணுக்கள் தாமே மடிந்துபோகத் துணை செய்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. அதே நோயாளிகளிடம் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா மிகுந்திருந்தது, டி.என்.ஏ-வைச் சிதைக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடும் தன்மை அதற்கு உண்டு. காவலர் குறைந்து கலகக்காரர் பெருகிய நிலை என்று இதைப் படிக்கத் தோன்றும். ஆனால் நோய் வந்தபின் எடுக்கப்பட்ட மலத்தைக் கொண்டு எது முந்தியது என்று சொல்ல இயலாது. குடலில் கட்டி வளர்ந்தபின் பசி குறைகிறது, உணவு மாறுகிறது, கட்டியிலிருந்து இரத்தம் கசிகிறது, மருத்துவர்கள் பல மருந்துகளைக் கொடுக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நுண்ணுயிர்களின் அளவை மாற்றக்கூடியவை. நுண்ணுயிர் மாற்றம் புற்றுநோயின் காரணமா, விளைவா என்னும் இந்த ஐயம் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளையும் விடவில்லை.

அந்தப் பெரிய ஆய்வுகளில் முதன்மையானவை 2011-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. வாயில், பற்களின் மேல் படியும் படலத்தில் இயல்பாக வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளுக்குள் மிகுதியாக இருப்பதை இரு குழுக்களும் தனித்தனியே கண்டறிந்தன. வாயில் இருக்க வேண்டியது குடலில் எப்படி வந்தது என்பது அப்போது புதிராக இருந்தது. கட்டி கல்லீரலுக்குப் பரவும்போது இந்தப் பாக்டீரியாவும் அதனுடன் சேர்ந்தே பயணம் செய்கிறது என்று 2017-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த இனத்திலேயே ஒரு குறிப்பிட்ட கிளைதான் குடல் கட்டிகளில் மேலோங்கியிருக்கிறது என்றும், இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிக் கடந்து செல்லும் திறன் அந்தக் கிளைக்கு இருப்பதாகவும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையம் 2024-இல் அறிவித்தது. ஒரு பாக்டீரியாவின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, அதன் உட்பிரிவும் தெரிய வேண்டும் என்பது இதனால் விளங்கியது; சாதாரணப் பரிசோதனைகள் இந்த உட்பிரிவைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் இதே ஃபியூசோபாக்டீரியம் நாக்குப் புற்றுநோயிலும் தென்பட்டிருக்கிறது. நவி மும்பையில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வு நிறுவனத்தில் அமித் தத் தலைமையிலான குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்க நிலை நாக்குக் கட்டிகளில் இந்தப் பாக்டீரியா இருந்தவர்களிடம் அழற்சி மிகுந்திருந்ததையும், அவர்களின் வாழ்நாள் குறுகியிருந்ததையும் எடுத்துக் காட்டியது. வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கமும் பீடிப் பழக்கமும் நீங்காத தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. உமிழ்நீரில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு வாய்ப்புற்றை அறியும் முயற்சிகளும் வெளிநாடுகளில் நடைபெறுகின்றன. ஆயினும் வாய் என்பது கண்ணுக்குத் தெரியும் இடம் என்பதை இங்கு மறந்துவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் நடைபெற்று 2005-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. மரபணுக் கருவிகள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

குடலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக உள்ள மேலநீலிதநல்லூர் போன்ற ஓர் ஊரில், மலத்தைப் பரிசோதித்துக் குடல் புற்றின் வாய்ப்பைச் சொல்லும் ஒரு முறை நடைமுறைக்கு வருவதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நடுவயது கடந்த 10,000 பேரைச் சோதிக்கிறார்கள். அவர்களில் 10 பேருக்கு மட்டுமே உண்மையில் நோய் இருக்கிறது. நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும், நோயற்றவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாக அடையாளம் காணும் அளவுக்கு அந்தச் சோதனை திறமையானது என்று கொள்வோம். நோயுள்ள 10 பேரில் 9 பேர் கண்டுபிடிக்கப்படுவார்கள். நோயற்ற 9,990 பேரில் பத்தில் ஒருவர் வீதம் 999 பேருக்கும் ‘நோய் இருக்கக்கூடும்’ என்று முடிவு வரும். ஆக, அச்சுறுத்தும் முடிவைக் கையில் வாங்கிய 1,008 பேரில் 999 பேர் நோயில்லாதவர்கள். அவர்கள் அனைவரும் குடலுக்குள் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி சோதனைக்காகத் திருநெல்வேலியில் உள்ளது போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள் பட்டினி கிடந்து பேதி மருந்து குடிக்க வேண்டும். அன்றாடக் கூலியை இழக்க வேண்டும். உடன் ஓர் ஆளும் வர வேண்டும். மேலைநாடுகளோடு ஒப்பிடும்போது இந்தியாவில் பெருங்குடல் புற்று குறைவு என்பது நல்ல செய்திதான். ஆனால் நோய் அரிதாக இருக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல சோதனையும் பொய்யான அச்சங்களையே அதிகம் விளைவிக்கும் என்பது கணக்கின் நியதி. விளம்பரங்களில் ‘90 விழுக்காடு துல்லியம்’ என்று அச்சிடப்படும் எண்ணுக்குள் இந்த 999 பேர் மறைந்திருக்கிறார்கள்.

எது இயல்பு என்பதே இரண்டாவது சிக்கல். பல நாடுகளில் எடுக்கப்பட்ட மல மாதிரிகளின் டி.என்.ஏ தரவுகளை ஒன்றுசேர்த்து, ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் உள்ள ஆய்வாளர்களும் இத்தாலியின் ட்ரெண்டோ பல்கலைக்கழகத்தினரும் 2019-இல் வெளியிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள், ஒரு நாட்டுத் தரவில் கற்பிக்கப்பட்ட கணினி முறை வேறொரு நாட்டு நோயாளிகளையும் ஓரளவு நன்றாகவே இனங்காண முடியும் என்று நிறுவின. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் தானியமும் பருப்பும் காய்கறியும் முதன்மையான உணவாக உள்ள இந்தியர்களின் குடலில் பிரிவோட்டெல்லா என்னும் பாக்டீரியா இனம் மேலோங்கியிருப்பதைப் போபாலையும் கேரளத்தையும் சேர்ந்த 110 பேரின் மாதிரிகளைக் கொண்டு 2019-இல் போபால் ஐசர் நிறுவனத்தினர் காட்டினார்கள். மாமிசமும் கொழுப்பும் மிகுந்த உணவுண்ணும் மேலைநாட்டவரிடம் பாக்டீராய்டிஸ் என்னும் இனம் மேலோங்கியிருப்பது வழக்கம். இந்தியர்களுக்குள்ளும், போபால்காரர்களுக்கும் கேரளத்தவருக்கும் இடையிலேயே தெளிவான வேறுபாடு இருந்தது. அப்படியிருக்க, மானாவாரி நிலங்களின் சோளமும் கம்பும் ஒரு தலைமுறைக்கு முன்வரை உணவாக இருந்து, இன்று ரேஷன் அரிசியும் பாக்கெட் தின்பண்டங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு வட்டாரத்தில் நலமுள்ளவரின் குடல் எப்படி இருக்கும் என்பதை ஐரோப்பியத் தரவுகளை வைத்து முடிவு செய்வது, அந்த ஊர் மக்களை அளக்காமலே அவர்களுக்குச் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

இத்துறையின் அவசரத்துக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. இரத்தத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ துணுக்குகளைக் கொண்டே பல வகைப் புற்றுநோய்களைப் பிரித்தறியலாம் என்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு குழு 2020-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தபோது அது உலகெங்கும் வியப்பை உண்டாக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பாக்டீரியாவுக்கு உரியவை என்று எண்ணப்பட்ட டி.என்.ஏ துணுக்குகளில் பெரும்பாலானவை உண்மையில் மனிதர்களுடையவை என்பதும், தரவுகளைச் சீர்செய்த முறையே ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரு பொய்யான அடையாளத்தைத் தானாக உண்டாக்கிவிட்டது என்பதும் 2023-இல் வெளிப்பட்டன. 2024-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரத்தத்திலும் கட்டிகளுக்குள்ளும் நுண்ணுயிர்கள் மிகச் சிறிய அளவிலேயே இருப்பதால், ஆய்வுக்கூடத்தின் வேதிப்பொருள்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாத் தடயங்கள்கூட முடிவைப் புரட்டிப்போட்டுவிடும்.

நுண்ணுயிரைக் கொண்டு புற்றுநோய் வாய்ப்பை அறிவது என்பது இத்தனை தடுமாற்றங்களுக்கும் அப்பால் ஓரிடத்தில் ஐயத்துக்கு இடமின்றி வெற்றி பெற்றிருக்கிறது என்பதையும், அந்த வெற்றியில் இந்தியக் கிராமப் பெண்களின் பங்கு பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி என்னும் வைரஸ் என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். மகாராஷ்டிர மாநிலத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 வயது முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2009-இல் முடிவு வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி சோதனை செய்ததே அந்தப் புற்றால் நேரும் இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வை வழிநடத்திய ரெங்கசுவாமி சங்கரநாராயணன், திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையத்துடன் இணைந்து வேறொரு எளிய முறையையும் சோதித்தார்: கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைச் செவிலியர் கண்ணால் பார்த்தறியும் ‘வி.ஐ.ஏ’ முறை அது. 2007-இல் வெளியான அதன் முடிவு, நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. இன்று அரசு சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைக்கு வேர் இத்தகைய ஆய்வுகளே.

எச்.பி.வி சோதனை வென்றதற்கும் குடல் நுண்ணுயிர்ச் சோதனை தயங்கி நிற்பதற்கும் காரணம் தெளிவானது. எச்.பி.வி-யில் குற்றவாளி ஒருவனே. அவன் குற்றம் செய்யும் வழியும் தெரியும். சோதனையில் பிடிபட்டவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும். அந்தச் சிகிச்சையை வட்டார அளவிலேயே செய்ய முடியும். இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரியும் ஏறத்தாழ இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டறிந்த இந்தப் பாக்டீரியாவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. அடையாளமிட்ட யூரியா கலந்த நீரைக் குடிக்கச் செய்து, சிறிது நேரம் கழித்து மூச்சுக்காற்றை ஒரு பையில் ஊதச் சொல்லி, அதில் அடையாளமிட்ட கரியமில வாயு வருகிறதா என்று பார்த்தாலே இதன் இருப்பு தெரிந்துவிடும். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்களைப் பரவலாகச் சோதித்து மருந்து கொடுத்ததில் இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. அதே வழியை இங்கு அப்படியே பின்பற்றுவது எளிதன்று. இந்தியாவில் மக்கள்தொகையில் பெரும்பகுதியினரிடம் இந்தப் பாக்டீரியா இருந்தும் இரைப்பைப் புற்று அந்த அளவுக்கு இல்லை. இருப்பவர்கள் அனைவருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதென்றால், ஏற்கெனவே மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியுள்ள நாட்டில் புதிய தொல்லையை விலைகொடுத்து வாங்குவதாகிவிடும். 2018-இல் உலகில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு தொற்றுகளால் வந்தவை என்றும், அவற்றில் முதலிடம் இந்தப் பாக்டீரியாவுக்கும் இரண்டாமிடம் எச்.பி.வி-க்கும் உரியவை என்றும் கணக்கிடப்பட்டிருக்கிறது.

இதற்கிடையில், மலத்தை ஒரு சிறு குழாயில் அடைத்து அஞ்சலில் அனுப்பினால் குடலின் ‘மதிப்பெண்’ணைச் சொல்வதாகக் கூறும் நிறுவனங்கள் பல தோன்றிவிட்டன. மருத்துவரின் பரிந்துரை இன்றி இத்தகைய சோதனைகளைச் செய்துகொள்வதை 2024-இன் இறுதியில் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் ஒருமித்த அறிக்கை ஊக்குவிக்கவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பழைய, மலிவான சோதனை இன்றைக்கும் பெருங்குடல் புற்றுக்கு நம்பகமான முதற்படியாக இருக்க, மதிப்பெண் அட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவது வீண் என்றே தோன்றுகிறது.

பழைய சோறு குடலுக்கு நல்லது என்ற பேச்சும் இத்துடன் சேர்ந்தே எழுகிறது. சமைத்து ஆறிய சோற்றில், சிறுகுடலில் செரியாத மாவுப்பொருள் சற்றுக் கூடுகிறது. பெருங்குடலை அடையும் அந்த மாவைப் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. இத்தகைய மாவைக் காலரா நோயாளிகளின் உப்புக் கரைசலில் சேர்த்து வயிற்றுப்போக்கைக் குறைக்கலாம் என்று வேலூரில் ராமகிருஷ்ணாவின் குழு 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தது. புற்றுநோயைத் தடுக்குமா என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய நீண்ட ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. மரபுவழியாகப் புற்று வரும் வாய்ப்புள்ள லிஞ்ச் குறைபாடு கொண்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில் பாதிப்பேருக்குச் செரியாத மாவைச் சராசரியாக ஈராண்டு கொடுத்துப் பல ஆண்டுகள் கண்காணித்ததில், பெருங்குடல் புற்று குறையவில்லை; குடலின் மேற்பகுதி உள்ளிட்ட பிற உறுப்புகளில் தோன்றும் புற்றுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. பழைய சோற்றை விரும்பி உண்பவர்கள் தாராளமாக உண்ணலாம். அதைப் புற்றுநோய் மருந்து என்று சொல்வதற்குத்தான் சான்று இல்லை.

எல்லாவற்றிலும் யோசிக்க வைப்பது 2025 ஏப்ரலில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. சாதாரண இ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள் கொலிபாக்டின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. அது குடல் உயிரணுவின் டி.என்.ஏ-வில் தனக்கே உரிய ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல் கட்டிகளின் மரபணுத் தொகுதியைப் படித்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லுட்மில் அலெக்சாந்த்ரோவ் குழு, நாற்பது வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்தத் தழும்பு எழுபது கடந்தவர்களிடம் உள்ளதைப்போல் 3.3 மடங்கு மிகுந்திருப்பதையும், அது பெரும்பாலும் பிறந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதையும் கண்டது. தழும்பை உண்டாக்கிய பாக்டீரியா கட்டி தோன்றும் காலத்தில் குடலில் இல்லாமலேயே போயிருக்கலாம். அவ்வாறெனில் நாற்பது வயதில் செய்யும் மலப் பரிசோதனை தேடுவது, எப்போதோ வந்து வேலையை முடித்துவிட்டுப் போனவனை. தேட வேண்டிய வயது பள்ளிப் பருவம். இளம் வயதில் குடல் புற்று ஏன் கூடுகிறது என்று பல நாடுகள் கவலைப்படும் வேளையில் வந்த அந்த ஆய்வுக்கு அர்ஜென்டினா முதல் ஜப்பான், தாய்லாந்து வரை கட்டிகளின் மாதிரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த 11 நாடுகளில் இந்தியா இல்லை.